மசக்கை: பொறுப்பதா, இஞ்சியா, மாத்திரையா?

மசக்கையைச் சமாளிக்கும் வழிகளைப் பட்டியலிடுகிறவர்கள் வழக்கமாக ஒன்றை விட்டுவிடுகிறார்கள்: எதுவும் செய்யாமல் பல்லைக் கடித்துக்கொண்டு நாளைத் தள்ளுவது. உண்மையில் பலரும் போய்ச் சேரும் வழி அதுதான். செலவில்லை, பக்கவிளைவில்லை, வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கும் கெடுதல் இல்லை என்று நினைப்பதால் அது கேட்காமலே முதலிடத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. இஞ்சியையும் மாத்திரையையும் எந்தக் கேள்விகளைக் கேட்டு எடைபோடுகிறோமோ, அதே கேள்விகளை இதனிடமும் கேட்க வேண்டும். எவ்வளவு பலன்? யாருக்குப் பொருந்தும்? என்ன விலை கொடுக்கிறோம்?

லேசான மசக்கைக்குப் பொறுத்திருப்பது நல்ல வழியே. கர்ப்பிணிகளில் பத்தில் ஏழெட்டுப் பேருக்கு ஏதோ ஓர் அளவில் குமட்டல் வருகிறது. ஆறாவது வாரத்தையொட்டித் தொடங்கி, ஒன்பது, பத்தாம் வாரங்களில் உச்சத்துக்குப் போய், பெரும்பாலோருக்கு 16 முதல் 20 வாரங்களுக்குள் அடங்கிவிடுகிறது. சாப்பிட முடிகிறது, தண்ணீர் நிற்கிறது, அன்றாட வேலை நடக்கிறது என்றால் காலமே மருந்து. ஆனால் ஒரு நாளில் நான்கைந்து முறை வாந்தி எடுப்பவருக்கு இதே அறிவுரையைச் சொல்வது கொடுமை. அவர் கொடுக்கும் விலை நீரிழப்பு, எடைக்குறைவு, தூக்கமின்மை, வேலை இழப்பு, மனச்சோர்வு என்று நீள்கிறது. முற்றிய மசக்கையை அடக்குவது தொடக்கத்தில் அடக்குவதைவிடக் கடினம் என்பதால், பொறுத்த நாட்களும் கணக்கில் சேர்கின்றன.

பொறுத்துக்கொள் என்று சொல்வதற்குப் பின்னால் இன்னொரு நினைப்பும் ஒளிந்திருக்கிறது: எல்லாம் மனசுதான், கவனத்தைத் திருப்பினால் போய்விடும் என்பது. இதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை. 2023 டிசம்பரில் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்த ஆய்வு, ஜிடிஎஃப்15 என்ற ஹார்மோனை முக்கியக் காரணமாகக் காட்டியது. கருவும் நச்சுக்கொடியும் இதைத் தாயின் ரத்தத்துக்குள் அனுப்புகின்றன; மூளையின் அடிப்பகுதியில் குமட்டலைத் தூண்டும் இடத்தில் போய் இது வேலை செய்கிறது. கருவுறுவதற்கு முன் இந்த ஹார்மோன் உடலில் குறைவாக இருந்தவர்களுக்குத் திடீர் உயர்வு கடுமையாகத் தாக்குகிறது. முன்பே அதிகம் இருந்தவர்களுக்கு உடல் பழகியிருப்பதால் பாதிப்பு குறைவு. ஒரே குடும்பத்தில் அக்காவுக்குப் படுக்கையை விட்டு எழ முடியாத மசக்கையும் தங்கைக்கு ஒன்றுமே இல்லாமலும் போவதில் மனவுறுதிக்கு எந்தப் பங்கும் இல்லை.

முதலில் அளவு

எந்த வழி என்று யோசிப்பதற்கு முன், எவ்வளவு மசக்கை என்று அளந்துகொள்வது நல்லது. மருத்துவர்கள் பயன்படுத்தும் எளிய அளவீடு ஒன்று இருக்கிறது; வீட்டிலேயே போடலாம். கடந்த 24 மணி நேரத்தில் எத்தனை மணி நேரம் குமட்டல் இருந்தது, எத்தனை முறை வாந்தி வந்தது, வெளியே ஒன்றும் வராமல் எத்தனை முறை ஓங்கரித்தது என்று மூன்று கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். குமட்டலே இல்லையென்றால் 1, ஆறு மணி நேரத்துக்கு மேல் என்றால் 5. வாந்தி அல்லது ஓங்கரிப்பு இல்லையென்றால் 1, ஒன்றிரண்டு முறைக்கு 2, ஏழும் அதற்கு மேலும் என்றால் 5. மொத்தம் 6 வரை லேசானது, 7 முதல் 12 வரை நடுத்தரம், 13ம் அதற்கு மேலும் கடுமை.

இந்த எண்ணுக்கு ஒரு நடைமுறைப் பயனும் உண்டு. “ரொம்ப முடியவில்லை டாக்டர்” என்பதைவிட “மூன்று நாளாக 11, நேற்று 13” என்பதற்குப் பதில் வேகமாக வரும். ஒரு வழியைத் தொடங்கிய பிறகு அது பலிக்கிறதா என்று பார்ப்பதற்கும் இதே எண் உதவும். இல்லாவிட்டால் நல்ல நாள் ஒன்று வந்ததும் முந்தைய நாள் குடித்த கஷாயத்துக்கெல்லாம் பெருமை போய்ச் சேர்ந்துவிடும்.

உணவை மாற்றுவது

எல்லோருக்கும் இதுவே முதல் படி. ஆனால் இதைச் சொல்லும் விதம்தான் பெரும்பாலும் தவறு. “கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள்” என்று பொதுவாகச் சொல்வதைவிட, உங்களுக்குக் குமட்டலைக் கிளப்புவது எது என்று கண்டுபிடித்தால் மாற்ற வேண்டியது என்னவென்று தெரியும்.

சிலருக்கு எதிரி வெறும் வயிறு. எழுந்தவுடன் புரட்டும், சாப்பிட்டால் சற்றுத் தணியும், இரண்டு மணி நேரத்தில் மறுபடி கிளம்பும். இவர்களுக்கு நாளில் மூன்று வேளைச் சாப்பாடு என்ற ஒழுங்கே பகை. ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கைப்பிடி அளவு ஏதாவது உள்ளே போக வேண்டும். படுக்கையின் தலைமாட்டில் உலர்ந்த பிஸ்கட்டோ ரொட்டித் துண்டோ வைத்து, எழுந்து உட்காருவதற்கு முன்பே அதைத் தின்று, கால் மணி நேரம் கழித்து மெதுவாக எழுவது இவர்களுக்கு உண்மையிலேயே பலன் தரும். மாவுப்பொருளை மட்டும் தின்பதைவிடக் கொஞ்சம் புரதம் சேர்ந்தால் குமட்டல் அதிகம் தணிகிறது. தூங்கப் போகும் முன் ஒரு பிடிக் கொட்டை வகையோ தயிரோ முட்டையோ சேர்த்துக்கொள்ளலாம்.

வேறு சிலருக்கு எதிரி மூக்கு. தாளிக்கும் வாசனை, சோப்பு, வாசனைத் திரவியம், குளிர்பெட்டியைத் திறந்தால் வரும் நெடி, அருகில் உட்காருபவரின் சட்டை. இவர்களுக்கு எத்தனை முறை சாப்பிடுகிறார்கள் என்பதைவிட யார் சமைக்கிறார்கள் என்பதே பெரிய விஷயம். சூடான உணவிலிருந்து ஆவியோடு மணமும் கிளம்புவதால், ஆறியதோ குளிர்ந்ததோ வாயருகே கொண்டுபோக எளிதாக இருக்கும். சமையலை மற்றவர் கையில் ஒப்படைப்பது இங்கே சிகிச்சையின் பகுதி. சொகுசு என்று யாராவது முகம் சுளித்தால் கரண்டியை அவர் கையிலேயே கொடுத்துவிடலாம்.

மூன்றாவது வகையினருக்குத் தண்ணீர்தான் பிரச்சினை. சாப்பாட்டோடு சேர்த்துக் குடித்தால் வயிறு உப்பி எல்லாம் வெளியே வந்துவிடும். உணவுக்கு அரை மணி நேரம் முன்போ பின்போ, ஒரு நேரத்தில் இரண்டு மூன்று மடக்கு என்று பிரித்துக் குடிக்க வேண்டும். வெறும் தண்ணீர் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு எலுமிச்சை பிழிந்த குளிர்ந்த நீரோ, உறைந்த பனிக்கட்டித் துண்டை உறிஞ்சுவதோ தங்கும்.

பலருக்குத் தோன்றாத நான்காவது காரணம் ஒன்று உண்டு: சத்து மாத்திரை. அதிலுள்ள இரும்புச்சத்து வயிற்றைப் புரட்டும். கர்ப்பம் என்று தெரிந்ததும் நல்லது என்று விழுங்கத் தொடங்கிய மாத்திரையே வாந்தியைக் கூட்டிக்கொண்டிருக்கலாம். முதல் மூன்று மாதங்களுக்கு இரும்பு கலந்ததை நிறுத்திவிட்டு ஃபோலிக் அமிலம் மட்டும் எடுத்துக்கொள்ளலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். ரத்தசோகை இல்லாதவர்களுக்குப் பெரும்பாலும் சரி என்றே சொல்வார். ஃபோலிக் அமிலத்தை மட்டும் விட்டுவிடக் கூடாது. குழந்தையின் முதுகுத்தண்டு உருவாகும் காலம் அது.

உணவு மாற்றத்தின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். மதிப்பெண் 7, 8ஐத் தாண்டியவருக்கு இது துணையாக இருக்குமே தவிர, தனியாகத் தாங்காது. அந்த நிலையில் சத்தானதைத் தின்கிறோமா என்ற கவலையும் தேவையற்றது. எது உள்ளே நிற்கிறதோ அதுவே அப்போதைக்குச் சத்தான உணவு.

வாந்திக்குப் பிறகு உடனே பல் துலக்குவது பலரின் வழக்கம். அமிலம் பட்டு மென்மையாகியிருக்கும் பல்லின் மேற்பூச்சை அது தேய்த்துவிடும். ஒரு குவளை நீரில் சிட்டிகை சமையல் சோடாவைக் கலந்து கொப்பளித்துவிட்டு, அரை மணி நேரம் கழித்துத் துலக்கலாம்.

இஞ்சி, பி6, மணிக்கட்டுப் பட்டை

மருந்துச் சீட்டு இல்லாமல் கைக்கு எட்டும் மூன்று இவை. மூன்றையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுகிறார்கள், ஆனால் ஒரே தரம் இல்லை.

இஞ்சிக்கு ஓரளவு நல்ல ஆதாரம் இருக்கிறது. ஆய்வுகளில் பெரும்பாலும் நாளொன்றுக்கு 1 கிராம் அளவு உலர்ந்த இஞ்சித்தூளை மூன்று நான்கு வேளைகளாகப் பிரித்துக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். குமட்டல் தணிந்தது, வாந்தியின் எண்ணிக்கையில் அவ்வளவு மாற்றம் இல்லை. ஆகவே குமட்டலே முக்கியத் தொல்லை என்பவருக்கு இஞ்சி பொருந்தும். குடித்த தண்ணீரே வெளியே வருபவருக்கு அது ஏமாற்றம்தான். நெஞ்செரிச்சலைக் கூட்டும் என்பது இதன் பெரிய குறை. ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இஞ்சி மாத்திரைகளைத் தொடக் கூடாது. இஞ்சி மணமுள்ள பிஸ்கட்டிலும் சோடாவிலும் உண்மையான இஞ்சி இருக்கிறதா என்பதே சந்தேகம்; அவை தரும் ஆறுதலைக் குறைசொல்ல மாட்டேன், ஆனால் மருந்துக் கணக்கில் சேர்க்க முடியாது.

பைரிடாக்சின் எனும் வைட்டமின் பி6, ஒரு வேளைக்கு 10 முதல் 25 மி.கி. வரை, நாளில் மூன்று நான்கு வேளை என்பது வழக்கமான அளவு. இஞ்சியோடு ஒப்பிட்ட ஆய்வுகளில் இரண்டும் ஏறக்குறையச் சமமாகவே நின்றன. நெஞ்செரிச்சல் உள்ளவருக்கு பி6 மேல். மாத்திரையைக் கண்டாலே ஓங்கரிப்பவருக்கு இஞ்சி மேல். பி6 மட்டும் தனியாகப் போதுமா என்பதில் அமெரிக்க, பிரிட்டன் மகப்பேறு மருத்துவ அமைப்புகளுக்கு இடையே ஒத்த கருத்து இல்லை. வைட்டமின்தானே என்று அளவை நினைத்தபடி ஏற்றுவதும் தவறு. அதிக அளவில் நீண்ட காலம் எடுத்தால் கைகால்களில் மரத்துப்போகும் நரம்புப் பாதிப்பு வரும்.

மணிக்கட்டுப் பட்டை, உள்ளங்கைப் பக்கம் மணிக்கட்டு மடிப்பிலிருந்து மூன்று விரல் அகலம் மேலே, இரண்டு தசைநாண்களுக்கு நடுவே உள்ள புள்ளியை அழுத்துகிறது. ஆய்வு முடிவுகள் முன்னுக்குப் பின் முரணாக இருக்கின்றன. போலிப் பட்டை கட்டிக்கொண்டவர்களிலும் பலர் தேறியிருக்கிறார்கள். கெடுதல் இல்லை. பஸ்ஸில் போகும்போது கையில் ஏதோ இருக்கிறது என்ற தைரியம் கிடைத்தால் கட்டிக்கொள்ளலாம். இதை நம்பி அடுத்த படியைத் தள்ளிப்போடுவதில் மட்டுமே எனக்கு மறுப்பு.

மாத்திரையும் அதன் மீதான அச்சமும்

கர்ப்பத்தில் மாத்திரை என்றதும் எழும் அச்சம் காரணமில்லாமல் வந்ததில்லை. 1957ல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த தாலிடோமைடு, தூக்கத்துக்கும் மசக்கைக்கும் பாதுகாப்பானது என்று பல நாடுகளில் கொடுக்கப்பட்டது. 1961 இறுதியில் அது திரும்பப் பெறப்படுவதற்குள் உலகெங்கும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் கைகால் குறைகளோடு பிறந்தனர். அமெரிக்காவில் மருந்து நிர்வாகத்தின் ஃபிரான்சிஸ் கெல்சி போதிய ஆதாரம் இல்லை என்று ஒப்புதல் தர மறுத்ததால் அங்கே பெரும் பாதிப்பு தவிர்க்கப்பட்டது. அன்றிலிருந்து மசக்கைக்கான எந்த மருந்தும் குற்றவாளிக் கூண்டில் நின்றே பேச வேண்டியிருக்கிறது.

அந்த அச்சத்துக்கு மறுபக்கம் ஒரு கதை உண்டு. அது பரவலாகத் தெரியாது. டாக்சிலமைன் எனும் ஒவ்வாமை எதிர்ப்பு மருந்தையும் பி6ஐயும் சேர்த்த பென்டெக்டின், 1956ல் அமெரிக்காவில் வந்தது. பல லட்சம் கர்ப்பிணிகள் பயன்படுத்தினார்கள். பிறவிக்குறைகளுக்கு அதுவே காரணம் என்று வழக்குகள் குவிந்தன. குற்றச்சாட்டுக்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்றாலும், வழக்குச் செலவு தாங்காமல் 1983ல் நிறுவனமே அதைச் சந்தையிலிருந்து விலக்கிக்கொண்டது. மருந்து போனபின் பிறவிக்குறைகள் குறைந்தனவா என்றால், இல்லை. குறையாதது மட்டுமல்ல, கர்ப்பகால வாந்திக்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்களின் எண்ணிக்கை கூடியது. அதே சேர்க்கை 2013ல் வேறு பெயரில் அமெரிக்க மருந்து நிர்வாகத்தின் ஒப்புதலோடு திரும்பி வந்தது. பொறுத்துக்கொள்வதே பாதுகாப்பு என்று நினைப்பவர்களுக்கு இந்த முப்பது ஆண்டு இடைவெளியைத்தான் நான் சுட்டிக்காட்டுவேன். கர்ப்பத்தில் இந்தச் சேர்க்கை அளவுக்கு நெருங்கிப் பார்க்கப்பட்ட மருந்துகள் மிகக் குறைவு.

நடுத்தர மசக்கைக்கு, உணவு மாற்றம் பலிக்காத நிலையில், என் தேர்வு இதுதான். ஒரு மாத்திரையில் இரண்டும் 10 மி.கி. வீதம் இருக்கும், மெதுவாகக் கரையும்படி செய்திருப்பதால் இரவு படுக்கும்போது விழுங்கியது காலையில் வேலை செய்யும். வழக்கமாக இரவில் இரண்டில் தொடங்கி, தேவைப்பட்டால் காலை ஒன்று, பிற்பகல் ஒன்று என்று நான்கு வரை கூட்டுவார்கள். குமட்டல் வந்தபோது மட்டும் போடுவதற்கானது இல்லை. தினமும் போட வேண்டும். தூக்கக் கலக்கம் இதன் தவிர்க்க முடியாத குறை. வண்டி ஓட்டுபவர்கள், கைக்குழந்தையைத் தனியாகப் பார்த்துக்கொள்பவர்கள் இதை முன்கூட்டியே யோசிக்க வேண்டும். மந்திரம் போல எல்லாம் நின்றுவிடும் என்றும் எதிர்பார்க்க வேண்டாம், பலன் மிதமானது. பன்னிரண்டாக இருந்த மதிப்பெண் எட்டுக்கு இறங்கி, மதியச் சாப்பாடு நின்றால் அதுவே வெற்றி.

இது போதாதபோது புரோமெத்தசின், மெட்டோகுளோபிரமைடு, ஒண்டான்செட்ரான் போன்றவை வரும். புரோமெத்தசின் தூக்கத்தில் ஆழ்த்தும். மெட்டோகுளோபிரமைடு கழுத்து, தாடைத் தசைகளைத் தானாக இழுக்க வைக்கலாம் என்பதால் குறைந்த நாட்களுக்கே கொடுக்கப்படும். ஒண்டான்செட்ரான் தூங்க வைக்காது, வாந்தியை வலுவாகக் கட்டுப்படுத்தும். மலச்சிக்கலும் தலைவலியும் வரும், இதயத் துடிப்பில் கோளாறு உள்ளவர்களுக்கு ஆகாது. முதல் மூன்று மாதத்தில் இதை எடுத்தவர்களின் குழந்தைகளிடம் உதடு, அண்ணப் பிளவு பத்தாயிரத்துக்கு 11 என்பதிலிருந்து 14 ஆக இருந்ததாக 18 லட்சம் கர்ப்பங்களை ஆராய்ந்த அமெரிக்க ஆய்வு சொன்னது. பத்தாயிரத்தில் மூன்று கூடுதல். லேசான மசக்கைக்காக இந்த மூன்றை ஏற்கத் தேவையில்லை. எடை சரிந்துகொண்டே போகிறவருக்கு ஏற்பது அறிவான முடிவாகவே இருக்கலாம். இந்தத் தராசை மருத்துவரோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும், முந்தைய சீட்டை வைத்துக் கடையில் வாங்கி அல்ல.

ஒப்பிட நேரமில்லாத நிலை

சிலருக்கு மேலே சொன்ன தேர்வுகள் எதற்கும் அவகாசம் இருக்காது. ஒரு நாள் முழுக்க எதைக் குடித்தாலும் நிற்கவில்லை, எட்டு மணி நேரமாகச் சிறுநீர் வரவில்லை அல்லது அடர்நிறத்தில் சொட்டுகிறது, எழுந்தால் கண் இருட்டுகிறது, கர்ப்பத்துக்கு முந்தைய எடையில் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் குறைந்துவிட்டது என்றால் உடனே மருத்துவமனைதான். 60 கிலோ இருந்தவருக்கு 3 கிலோ. வாந்தியில் ரத்தம், காய்ச்சல், வயிற்று வலி, சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல் இருந்தாலும் அப்படியே. அங்கே காரணம் வேறாக இருக்கலாம். பத்தாவது வாரத்துக்குப் பிறகு முதன்முதலாகத் தொடங்கும் வாந்தியையும் மசக்கை என்று தள்ளிவிடக் கூடாது.

டிரிப்ஸ் ஏற்றுவது தோல்வியின் அடையாளம் என்று நினைத்துக் கடைசிவரை தள்ளிப்போடுபவர்கள் இருக்கிறார்கள். பல இடங்களில் காலையில் போய் ஏற்றிக்கொண்டு மாலையில் வீடு திரும்பலாம். அட்மிட் ஆகிவிடுவோமோ என்ற பயத்தால் இரண்டு நாள் காத்திருந்தால்தான் உண்மையிலேயே அட்மிட் ஆக நேரிடும். வாந்தி பல வாரங்கள் நீடித்திருந்தால் அதை மறக்காமல் சொல்லுங்கள். குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன் தயமின் எனும் வைட்டமின் பி1 கொடுக்க வேண்டும். பி1 வற்றிப்போன உடலில் குளுக்கோஸ் மட்டும் போனால் மூளையைப் பாதிக்கும் அபாயம் இருக்கிறது. வீட்டார் கூடப் போனால் இந்த ஒரு கேள்வியைக் கேட்கலாம்.

முந்தைய கர்ப்பத்தில் கடுமையாக அவதிப்பட்டவருக்குத் தேர்வின் வரிசையே மாறும். மறுபடி வரும் வாய்ப்பு கூடுதல் என்பதால், உணவு, இஞ்சி என்று படிப்படியாக ஏறிக்கொண்டிருக்கத் தேவையில்லை. கருத்தரிக்கத் திட்டமிடும்போதே மருத்துவரிடம் சொல்லி, முதல் குமட்டல் தோன்றிய அன்றே மாத்திரையைத் தொடங்க ஏற்பாடு செய்துகொள்ளலாம். கருத்தரிப்பதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே கர்ப்பகாலச் சத்து மாத்திரையை எடுப்பதும் பின்னால் வரும் மசக்கையின் கடுமையைக் குறைக்கக்கூடும்.

எந்த வழியில் தேறினாலும் தேறிய அன்றே நிறுத்திவிட வேண்டாம். குமட்டல் இல்லாமல் ஒரு வாரம் போன பிறகு தினமும் போடும் எண்ணிக்கையில் ஒரு மாத்திரையைக் குறைத்துப் பாருங்கள். மதிப்பெண் ஏறினால் பழைய அளவுக்குத் திரும்பி, இன்னும் இரண்டு வாரம் கழித்து மறுபடி முயலலாம். 20ஆம் வாரத்துக்குப் பிறகும் குறைக்க முடியாத சிலர் இருக்கிறார்கள். அவர்கள் மருந்தைத் தொடர்ந்துகொண்டே, நெஞ்செரிச்சலோ தைராய்டோ சேர்ந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும்.